மேனேஜர் ஏறிய வண்டி

மார்ச் 3, செவ்வாய்
நாய் வளர்க்கும் பைக் ஓட்டிகள் சங்கத்துக்குப் போய் வந்தேன். ஞாயிறுதோறும் நாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். நான் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கூட்டம் முடிந்திருந்தது, அது வேறு விஷயம்.

"எங்க மேனேஜர் மலைப்பாதையிலயே வண்டி மேல நின்னுக்கிட்டு வருவான்" என்றேன். மேனேஜர் என் நாய். நாள் முழுக்கப் படுத்துக்கொண்டு அடுத்தவன் வேலை செய்வதைப் பார்ப்பதால் அந்தப் பெயர்.

தலைவி பல் டாக்டர். "ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்கண்ணே. ஒரே விதிதான். எஞ்சின் ஓடணும், நாய் தானா ஏறணும். தூக்கி வைக்கக் கூடாது. ஏறலன்னா இடமில்ல."

இவ்வளவுதானா!

மார்ச் 4
என் வண்டியின் சைலன்சரை என்றைக்கோ கழற்றி எறிந்துவிட்டேன். உதைத்தால் நாலு தெரு தள்ளிப் பாத்திரம் உருளும். இன்று உதைத்ததும் மேனேஜர் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். யோசிக்கிறான் போல.

மார்ச் 6
எஞ்சினை அணைத்து, சீட்டில் பிஸ்கட் வைத்தேன். ஒரே தாவல்! புலி தோற்கும்.

"ஓடுற வண்டியில ஏறச் சொல்லிப் பாருங்களேன்" என்கிறாள் வீட்டுக்காரி. பொறாமை. தினமும் அவனைத் தன் தையல் கடைக்கு ஸ்கூட்டரில் கூட்டிப் போகிறாளாம். அது ஸ்கூட்டரா? தையல் மிஷினுக்குச் சக்கரம் வைத்த மாதிரி.

மார்ச் 7
பிஸ்கட் தீர்ந்தது. பாதி என் வயிற்றில்.

மார்ச் 8, ஞாயிறு
எழுதக் கை வரல.

மேனேஜரை வீட்டுக்காரிதான் தன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கினாள். பெரிய மனுஷன் தனி வண்டியில்தான் வருவான் என்று சொல்லிச் சமாளித்தேன். சங்கமே சுற்றி நின்றது. உதைத்தேன். வானம் அதிர்ந்தது.

அவன் நடுங்கினான். வால் காலுக்குள்ள. கட்டிலுக்கு அடியிலயும் இப்படித்தான் நடுங்கிட்டு இருந்தானா? ஒரு தடவை குனிஞ்சு பாத்திருக்கலாமேடா —

"ஏறுடா ராஜா, மானத்த வாங்காத."

நேரே நடந்துபோய், கிளம்பத் தயாராக ஓடிக்கொண்டிருந்த ஸ்கூட்டரில் ஏறி, அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டான்.

தலைவி குனிந்து பார்த்தார். "எஞ்சின் ஓடுது. தானா ஏறிடுச்சு. அக்கா, நீங்க சங்கத்துல சேந்துட்டீங்க."

"ஐயோ, எனக்குத் தைக்கிற வேலை கிடக்கும்மா!"

"அப்போ நான்?" என்றேன்.

"பின்னாடி உக்காருங்க" என்றாள் வீட்டுக்காரி. "வாய மூடிக்கிட்டு."

மார்ச் 15, ஞாயிறு
ஏரிக்கரை வரை சங்கத்தோடு போனோம். ஓட்டுவது எவனுக்கும் வரும். பின்னால் உட்கார்ந்து வழிநடத்தத்தான் மூளை வேண்டும்.

மார்ச் 17
புது சைலன்சர் மாட்டச் சொன்னேன். மெக்கானிக் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "உங்க வண்டிக்காண்ணே? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

தெருப் பிள்ளைகள் தூங்க வேண்டாமா என்றேன். தெருவே கையெடுத்துக் கும்பிடுகிறது.

மார்ச் 20
வாசலில் வண்டியை ஓடவிட்டேன். பூனை மாதிரி முனகுகிறது. மேனேஜர் எட்ட நின்றான். பிறகு வந்து முகர்ந்தான். முன்சக்கரத்துப் பக்கத்தில் படுத்துத் தூங்கியே விட்டான்.

"பெட்ரோல் வீணாப் போகுது, அணைச்சுட்டு உள்ள வாங்க!" — ஜன்னலிலிருந்து வீட்டுக்காரி.

அணைத்தால் விழித்துக்கொள்வான். உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாதே என்று ஜாடை காட்டினேன். படியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.