ஐயர் காது வைத்துப் பார்த்த கார்

என் அன்பு மச்சான்,

முதலில் இதைக் கேள். நான் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. கோலியர்ஸ் வுட்டில் நம் தெருவில் இப்போது பாதிக் கார்கள் மின்சாரக் கார்கள். லண்டனிலேயே இதை முதலில் கணித்தவன் நான்தான். ஒரே சாட்சி நீ, நீயும் போய்விட்டாய்.

மியூசியத்துக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? நூறு வருடத்துக்கும் மேலான மின்சார டாக்சியின் முன்னால் நின்று முழுச் சரித்திரமும் சொன்னேன். குதிரை வண்டிகளுக்கு நடுவே அது புகையில்லாமல் வந்தது; துரைமார் ஏற முண்டியடித்தார்கள். ஆனால் பற்றரி இரண்டு யானைக் கனம். சில்லின் டயர் தேய்ந்தது, வண்டி குலுங்கியது, சனம் திரும்பக் குதிரைக்கே போனது. பிறகு வந்த மின்சாரக் கார்கள் சீமாட்டிகளுக்குப் பிடித்திருந்தன. பெற்றோல் காரைப் போலக் கைப்பிடி போட்டுச் சுற்றத் தேவையில்லையே! பெற்றோல் காருக்கும் பொத்தானை அமத்தினால் ஸ்டார்ட் ஆகும் வசதி வந்தது, அதோடு மின்சாரக் கார் செத்தது.

காவலாளிகூடத் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டான்.

"புளுகாதை மச்சான், அவன் தலை சொறியிறான்" என்றாய். பிறகு, "செத்தது திரும்பி வருமோடா?" என்று கேட்டாய்.

"இது வரும், எழுதி வை" என்றேன்.

இனி வீட்டுச் செய்தி. உன் மகள் துளசி உன் பழைய டீசல் காரை விற்க விடவில்லை. மெக்கானிக் கைவிரித்த பிறகும் அது வாசலில் நின்று துருப்பிடித்தது. வேலைக்குப் போகுமுன் பிள்ளை அதற்குள் தனியே இருந்து அழுவாள். அவளைப் பார்த்து உன் மனைவி, என் அக்கா, ஜன்னலடியில் நின்று அழுவாள். எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பேன்?

ஒரு காலை நானும் போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"பிள்ளை, கொப்பா ஆஸ்பத்திரியில என்னட்டச் சொன்னவர். இதைக் குடுத்திட்டு மின்சாரக் கார் ஒண்டு எடுக்கட்டாம்."

"உண்மையாவோ மாமா?"

"ஓம் பிள்ளை."

போன வெள்ளி கோயிலில் புதுக் காருக்குப் பூசை. சில்லுகளுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ஐயர் தட்டோடு காத்து நின்றார்.

"ஸ்டார்ட் பண்ணுங்கோவன் பிள்ளை!"

"ஸ்டார்ட்டிலதான் நிக்குது ஐயா."

ஐயர் குனிந்து காது வைத்தே பார்த்துவிட்டார். துளசி சிரித்தாள் மச்சான். அச்சு அசல் உன் சிரிப்பு. எத்தனை மாதத்துக்குப் பிறகு!

இந்தக் கடிதம் தமிழ்ப் பத்திரிகையில் வந்தாலும் பயமில்லை; அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. ஆகவே சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் நீ அப்படி ஒன்றும் சொல்லவில்லை. "காரை எங்க விட்டனீ? வீட்ட போவம்" என்று மட்டும்தான் கேட்டாய். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கும் நான் உன் போர்வையை இழுத்துவிட்டேன்.

அந்தக் கேள்வி அவள் காதில் விழாது. அதை நானே வைத்துக்கொள்வேன்.

உன் பெண்சாதியின் தம்பி,
உன் பிள்ளைக்கு ஒரே மாமன்