வள்ளி மலடு இல்லை

வைகாசி 4, திங்கள்

கரிச்சான், என் கறுத்த ராசா, காலையிலேயே அனல். ஏழு மணிக்குப் போன கரண்ட் பத்துக்குத்தான் வந்தது. தொட்டியில் ஐஸ் பாட்டில் போட்டேன். முத்து மூலையில். வள்ளி பாட்டில்மேல் சாய்ந்துகொண்டு. தலைக்கு இரண்டு பக்கமும் அந்தப் பூ மாதிரிச் செவுள் ஆடுகிறது. பரவாயில்லை, உயிரோடு இருக்கின்றன.

ஃப்ரிட்ஜ் முழுக்கத் தண்ணி பாட்டில். இட்லி மாவு வைக்க ஒரு மூலைதான் மிச்சம் என்று உன் அம்மா.

"எம்புள்ள போயிட்டான். அவன் வெச்சிட்டுப் போன பல்லிங்களுக்கு ஃப்ரிட்ஜா?"

பல்லி இல்லை அத்தை, ஆக்ஸலாட்டல், குளிர்ந்த தண்ணியிலேயே வாழ்கிற ஜீவன் என்றேன். அந்தப் பேர் என் வாயில் நுழையவே ஒரு வாரம் ஆயிற்று. நீ சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொடுத்தாய்.

மண்புழு, கரும்புக் கொல்லை வாய்க்கால் ஓரம். அரை டப்பா.

வாங்க வேண்டியது: உப்பு, பல்பொடி, கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு.

பொட்டு எதற்கு என்பார்கள். கேட்கட்டும்.

வைகாசி 5, செவ்வாய்

புழுக்கம். உன் தம்பி செல்வம் பாகூரிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவந்தான். வண்ண மீன் வளர்த்து விற்கிறவர். ஜோடியாக இருந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றாராம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரியூர் திருப்பத்தில் லாரி உன்னை அடித்து மூன்று மாதம் ஆகவில்லை. அதற்குள் தொட்டிக்கு ஆள்.

"எதுப்பா பொட்ட?"

"தோ, இந்தச் சின்னது. வள்ளி. எங்கண்ணன் வெச்ச பேரு. மூணு வருசமா ஒண்ணாத்தான் கீதுங்க."

"மூணு வருசமா ஒரு முட்ட கூட வுடலியா? அப்ப மலடுப்பா. ஆண மட்டும் எடுத்துக்கிறேன். பொட்டய எங்கனா ஏரியில வுட்டுடு."

மலடு என்றதும் உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "வளக்கறவள மாதிரிதான வளக்கறதும் இருக்கும்."

வைகாசி வெயிலில் ஏரித் தண்ணியில் விட்டால் வள்ளி ஒரு நாள் தாங்காது. தரமாட்டேன் என்றேன். செல்வம் சிரித்தான்.

"உங்களுக்கு இன்னா அண்ணி தெரியும்? வெள்ளிக்கெழம வந்து எடுத்துக்குவாரு."

அஞ்சாவதோடு நின்றவளுக்கு என்ன தெரியும். சரி.

கோபத்தில் மதியம் சாப்பிடவில்லை. நாலு மணிக்குப் பசித்தது. பழைய சோறு, மாங்காய் ஊறுகாய். நன்றாக இருந்தது.

வைகாசி 7, வியாழன்

மேகம். மழை இல்லை.

தொட்டி கழுவ வேண்டுமென்று நேற்றே பிரித்துவைத்தேன். முத்து நீலப் பக்கெட்டில், வள்ளி பச்சைப் பக்கெட்டில். காலையில் பார்த்தால் பச்சைப் பக்கெட்டின் அடியில் வெள்ளையாகக் கூம்பு கூம்பாக, ஜவ்வரிசிக் கஞ்சி சொட்டியது போல. தொட்டியிலும் பார்த்திருக்கிறேன். அது ஆண் போடுவது, முத்து வேலை என்று சொன்னவன் நீதான். வள்ளி தனியாகக் கிடந்த பக்கெட்டில் அது எப்படி வந்தது?

உன்னுடைய அந்த அகலமான பிளாஸ்டிக் டப்பா, அடி கண்ணாடி மாதிரித் தெரியுமே, அதில் தண்ணீரோடு வள்ளியை விட்டேன். தலைக்கு மேலே தூக்கி அடியிலிருந்து பார்த்தேன். பின்னங்கால்களுக்குப் பின்னால், வால் தொடங்குகிற இடத்தில் புடைப்பு. வேகவைத்த மொச்சைக்கொட்டை அளவு. முத்துவையும் தூக்கினேன். அதே மொச்சை. பெண்ணுக்கு அந்த இடம் தட்டையாக இருக்கும், வயிறுதான் அகலம் என்பாய். வள்ளிக்கு எங்கே அகலம்? மெலிந்த உடம்பு.

இரண்டும் ஆண்.

முழங்கை வரை தண்ணீர் வழிந்தது. டப்பாவை இறக்கிவிட்டுச் சிரித்தேன். நீ போன பிறகு முதல் தரம்.

வைகாசி 8, வெள்ளி

வெயில். தலைக்குக் குளித்தேன். பொட்டு வைத்தேன். உன் அம்மா பார்த்தார்.

பாகூர்க்காரர் பாலித்தீன் பையோடு வந்தார். டப்பாவை அவர் முகத்துக்கு மேலே பிடித்தேன்.

"இது வள்ளி. வாலாண்ட பாருங்க."

"இன்னாக்கா இது, ஆம்பளயா?"

"இப்ப முத்துவ பாருங்க."

பார்த்தார். செல்வத்தின் பக்கம் திரும்பினார். "ஜோடின்னியேப்பா. ரெண்டு மாப்பிளைய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

முத்துவும் வேண்டாம் என்று பையை மடித்துக்கொண்டு போய்விட்டார். செல்வம் அவர் பின்னாலேயே.

"பாத்தீங்களா அத்த," என்றேன். "வள்ளி மலடு இல்ல. மூணு வருசமா யாரும் தூக்கிப் பாக்கல, அவ்ளோதான். என்னத்தான் ஊர் ஊரா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கினு போய்ப் பாத்தீங்க. உங்க புள்ள வந்தது ஒரே ஒரு தரம்."

"செத்தவன இழுக்காதடி."

"நான் இழுக்கல. அந்த வார்த்தய இந்த வூட்ல இன்னொரு தரம் சொன்னீங்கன்னா, இருக்கற மாவுக்கும் ஃப்ரிட்ஜுல எடம் கெடையாது."

சாயந்திரம் மாவுப் பாத்திரம் தானாகவே வெளியே வந்து மேடைமேல் இருந்தது. அந்த இடத்தில் இரண்டு பாட்டில் வைத்தேன்.

வள்ளிக்குப் பேர் மாற்றப்போவதில்லை. ஆணுக்கு வள்ளி என்று இருந்தால் என்ன.

பாட்டில் போடும்போதுதான் நினைவு வந்தது. அந்த டப்பாவை நீ வாரா வாரம் தலைக்கு மேலே தூக்குவாய். காலில் பூஞ்சை பிடித்திருக்கிறதா பார்க்கிறேன் என்பாய். எனக்கு ஒரே நாளில் தெரிந்தது உனக்கு மூன்று வருடம் தெரியாமலா?

ஆஸ்பத்திரிக்கு நீ வந்த அந்த ஒரே தரம், டாக்டர் உன்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்து, "ஒண்ணும் இல்ல, வா போலாம்" என்றாய். அடுத்த வாரம் இந்த இரண்டையும் ஜோடி என்று கொண்டுவந்தாய். உன் அம்மா வள்ளியை மலடு என்ற போதெல்லாம் நீ வாயே திறக்கவில்லை. என்னை மலடி என்றபோதும்.

கரிச்சான், தெரிந்துகொண்டேதான் வள்ளி, வள்ளி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாயா?