சந்தில் போட்ட கோடு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ உடம்பு சரியாக இருந்து, வேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய் வருகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

போனில் பேசினால் நீ பாதியிலேயே கத்துவாய், நான் அழுவேன், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். நடுவில் எழுந்து போகாமல் கடைசி வரை படி.

உன் அத்தானுக்கு இடது கண் போய்விட்டது. வலது கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். பஸ் ஓட்ட இனி விடமாட்டார்கள், டிப்போவிலேயே உட்காருகிற வேலை தருவதாகச் சொல்கிறார்கள். கட்டுப் பிரித்த அன்று உன் மருமகள் அவர் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்பா, ஏன் எப்பவும் கண்ணடிச்சுக்கிட்டே இருக்கே?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அம்மா சாப்பிடுகிறாள், நடமாடுகிறாள். உன் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

உன் காதுக்கு என்னென்ன வந்ததோ தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நம் சந்தை அகலப்படுத்தி, கான்கிரீட் போட்டு, ஓரமாகச் சாக்கடை கட்டி, விளக்குப் போடப் போகிறோம் என்று நகராட்சியிலிருந்து வந்தார்கள். கடிகாரக் கடைக்காரரின் மனைவிக்கு நெஞ்சு வலி வந்தபோது ஆம்புலன்ஸ் சந்து முனையிலேயே நின்றுவிட்டதே, அதற்கப்புறம் ஊரே கேட்டுக்கொண்டிருந்ததுதான். பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். ஒரு அதிகாரி, ஒரு இளவயது என்ஜினியர் பெண். அவள் மேஜை மேல் வரைபடத்தை விரித்து, நம் வரிசையில் எல்லா வீட்டு வாசல்படியும் போகும், எதிர் வரிசையில் முன்னால் இழுத்துக் கட்டியதெல்லாம் போகும் என்று பொறுமையாகச் சொன்னாள். படி போனால் சொந்த வீட்டுக்குள்ளேயே திருடன் மாதிரி ஏறிக் குதிக்க வேண்டியதுதான் என்று கடிகாரக் கடைக்காரர் சொன்னார். கைப்பிடி வைத்துச் சின்னப் படி கட்டித் தருவோம் என்றாள். எல்லோரும் அரைமனதாகச் சம்மதித்துவிட்டார்கள்.

உன் அத்தான்தான் வரைபடத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். கோடு நேராக வந்து, பழைய இரும்புக்கடை வாசலில் மட்டும் வளைந்து, கடையைத் தாண்டி மறுபடி நேராகப் போனது. ஏன் என்று கேட்டார். அடியில் பழைய குழாய் போகிறது என்றார் அதிகாரி. என்ஜினியர் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். இரும்புக்கடை மாமாவின் மூத்தவன் அந்த அதிகாரியை முன்னாடியே போய்ப் பார்த்துவிட்டு வந்தது சந்தில் எல்லோருக்கும் தெரியும். அத்தான் குரலை உயர்த்தவில்லை. எங்கள் படி போவது சரி என்றால் இரும்புக்கடை முன்னால் இழுத்துக் கட்டிய கொட்டகை போவதும் சரிதானே என்றார், அவ்வளவுதான்.

மூத்தவன் பின்வரிசையிலிருந்து எழுந்தான். "பஸ் ஓட்டுறவன் ரோட்டைப் பத்திப் பேசினா போதும்" என்றான்.

"இதுவும் ரோடுதான் தம்பி. நீ அதுமேல இரும்பைக் கொட்டி வச்சிருக்கிறதால தெரியல" என்றார் அத்தான்.

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அவன் முகத்தில் போய் அறைந்ததை நான் பார்த்தேன்.

அடுத்த வாரம் கோடு போட வந்தார்கள். அதற்குள் என்ஜினியர் பெண் மேலே போய்ச் சண்டை போட்டு வரைபடத்தை மாற்றிவிட்டாள் என்று பேச்சு. அன்று காலையிலேயே கூலியாட்கள் நம் வரிசைப் படிகளைக் கடப்பாரையால் பெயர்த்துக் கல்லை ஓரமாகக் குவித்துவிட்டார்கள். பிறகு எதிர் வரிசைக்கு வந்து, இரும்புக்கடைக் கொட்டகைக்குக் குறுக்கே நேராக வெள்ளைக் கோடு இழுத்தார்கள். மூத்தவன் வெளியே வந்து பெயிண்ட் டப்பாவை உதைத்தான். கோடு போட்டவனின் சட்டையைப் பிடித்து முகத்தை அந்தப் பெயிண்டிலேயே வைத்துத் தேய்த்தான். அதிகாரி பல் டாக்டர் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். உன் அத்தான் டியூட்டிக்குக் கிளம்பி யூனிபாரத்தோடு நின்றவர், போய் அவன் கையைப் பிடித்தார். பிடிக்கத்தான் செய்தார், அடிக்கவில்லை. அவன் திமிறிக்கொண்டு கடை வாசலில் கிடந்த கம்பியை எடுத்து அவர் முகத்துக்கு நேராகச் சுழற்றினான்.

அந்தச் சத்தத்தை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதவில்லை. அவர் உட்கார்ந்தார். விரல் இடுக்கெல்லாம் ரத்தம். அவன் இரண்டாவது முறை ஓங்கினான். அதற்குள் நெட்டையன் கடைக்குள்ளிருந்து பாய்ந்து வந்தான்.

நெட்டையன்தான். மூத்தவனின் தம்பி. உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். அண்ணன் கையிலிருந்து கம்பியைப் பிடுங்கி எறிந்து, அவன் வாயிலேயே ஒன்று விட்டான். மூத்தவன் ரத்தம் துப்பிக்கொண்டு கொட்டகைக்குள் போய் விழுந்தான். என்ஜினியர் பெண் தன் சால்வையைச் சுருட்டி அத்தான் கண்ணில் வைத்து அழுத்தினாள். நெட்டையன் அவரைக் குழந்தையைப் போலத் தூக்கித் தன் சரக்கு வண்டியில் போட்டான். நான் ஏறி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வழி நெடுக ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினான். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் வரும்வரை காத்திருக்காமல் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். அவன் சட்டை முழுக்க உன் அத்தான் ரத்தம்.

ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன பிறகு என் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான். மன்னிச்சிடுங்க என்று கூட அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. "அக்கா, அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கு. பயந்து விழுந்து கிடப்பார். பார்த்துட்டு, உங்களுக்கு மாத்துத் துணியும் வாங்கிட்டு வந்துடறேன்" என்றான். சட்டையைக் கழுவிவிட்டுப் போடா என்று நான் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில் சந்தில் நடந்ததை இஸ்திரி போடும் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன் கூட்டாளி சலூன்காரன் உனக்குப் போன் போட்டிருக்கிறான். பேசி முடித்துவிட்டு உன் ஆட்களை எல்லாம் கூட்டினான். கொட்டகையைப் பிரித்துப் போட்டார்கள். தராசை உடைத்தார்கள். மூத்தவன் பின்பக்கச் சுவர் ஏறிப் போய்விட்டான். அவர்கள் அப்பாவை, வயசானவரைக் கன்னத்தில் அறைந்து தெருவில் உட்கார வைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து நெட்டையன் வண்டியைத் திருப்பிக்கொண்டு சந்துக்குள் வந்தான்.

சட்டையில் ரத்தம். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. யாரை அடித்தார்கள், யார் அடித்தார்கள் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. கண்ணைக் குத்தினது இவன்தான் என்று யாரோ ஒருவன் கத்தியிருக்கிறான். வண்டியிலிருந்து காலைப் பிடித்து இழுத்தார்கள். அவன் கையை விரித்துக் காட்டி, "நான்தாண்டா ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு வர்றேன், அக்காவைக் கேளுங்கடா" என்று சொல்லியிருக்கிறான். இஸ்திரி அக்கா தடுக்கப் போய் அவளுக்கும் கை உடைந்தது. நம் வாசலில் பெயர்த்துப் போட்ட படிக்கல்லை எடுத்துத்தான் அடித்தார்கள். அவன் நல்ல உயரம் இல்லையா, சீக்கிரத்தில் விழவில்லையாம். விழுந்த பிறகும் விடவில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது போலீஸ் கயிறு கட்டியிருந்தது. நம் வாசலில்தான் கிடந்தான். துணி போட்டு மூடியிருந்தார்கள். கால் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மூத்தவனைப் பிடித்துவிட்டார்கள். சலூன்காரனையும் இன்னும் சிலரையும் பிடித்திருக்கிறார்கள். சலூன்காரனின் அம்மா அழுத அழுகை தாங்காமல் நான் ஸ்டேஷனுக்கு அவளுக்குத் துணையாகப் போனேன். கம்பிக்குப் பின்னால் நின்றவன் என்னைக் கண்டதும் உடைந்துபோனான். "அண்ணன்தான் அக்கா போன்ல சொன்னாரு. அந்த வீட்டு ஆம்பளை ஒருத்தனையும் விடாதீங்க, நான் பார்த்துக்கறேன்னாரு" என்றான். பொய் சொல்கிறான் என்று நினைக்கத்தான் ஆசைப்பட்டேன். வீடு வரை நடந்து வந்தேன். உன் குரலிலேயே அந்த வார்த்தை என் காதில் கேட்டுக்கொண்டே வந்தது. அத்தானிடம் சொன்னேன். அம்மாவும் கேட்டுவிட்டாள். சலூன்காரனின் போன் இப்போது போலீஸிடம் இருக்கிறது.

போன வாரம் மறுபடியும் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். பாதி நாற்காலி காலி. வேறு அதிகாரி வந்திருந்தார். என்ஜினியர் பெண் அதே வரைபடத்தை விரித்து வைத்துவிட்டு, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றாள். நெட்டையனின் அப்பா, இரும்புக்கடை மாமா, தானாகவே எழுந்து முன்னால் போனார். ஒரு மாதத்தில் அந்த மனிதர் பாதியாகிவிட்டார். கொட்டகையை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள், கோட்டை நேராகவே போடுங்கள் என்றார். அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாமல் நின்றாள். அத்தான் என் கையை விட்டுவிட்டுப் போய் மாமா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கூட்டம் முடிந்து விளக்கணைக்க வரும்வரை அப்படியே இருந்தார்கள்.

இப்போது போலீஸ் காவலோடு வேலை நடக்கிறது. கான்கிரீட் நம் வாசல் வரை வந்துவிட்டது.

மூத்தவன் ஜாமீனில் வருவதற்குள் நீ லீவு போட்டு வரப்போவதாகவும், வந்து ஒரு கை பார்ப்பதாகவும் உன் ஆட்களிடம் சொல்லியிருக்கிறாயாம். தம்பி, பார்க்க இங்கே இனி யார் இருக்கிறார்கள்? அத்தானுக்காக என்று சொல்லாதே. அவர் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவருக்காகச் செய்ய வேண்டியதை எல்லாம் நெட்டையன் செய்துவிட்டுப் போய்விட்டான்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். நேற்று நெட்டையனின் அம்மா வந்தார். படி இல்லாததால் கீழேயே நின்று பேசினார். அத்தான் கண்ணைப் பற்றி விசாரித்தார். பிறகு, "உன் தம்பிக்குச் சொல்லிட்டியாம்மா? ரெண்டு பேரும் ஒண்ணா வளர்ந்த பசங்க. கேட்டா துடிச்சுப் போயிடுவான். பக்குவமா எடுத்துச் சொல்லு" என்றார். சொல்கிறேன் அத்தை என்றேன்.

சொல்லிவிட்டேன். வா தம்பி. வெறுங்கையோடு வா. அந்த அத்தை முன்னால் வந்து நில். என்ன பேசுவது என்று நான் சொல்லித் தரமாட்டேன். நீ வருகிற வரைக்கும் அவரிடம் அந்தப் போனைப் பற்றி நானும் எதுவும் சொல்லமாட்டேன்.

கடவுள் உன் கையையும் வாயையும் காப்பாற்றட்டும்.

உன்னைத் தூக்கி வளர்த்த
அக்கா