கைநாட்டு வைக்காத லயம்

மார்ச் 3, 1952

தேயிலை விலை விழுந்துவிட்டதாம். அதனால் தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடுகிறார்களாம். இனி நான்கு தோட்டங்களுக்கும் கொட்டகலைப் பக்கம் ஒரே ஆஸ்பத்திரி. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். படிவத்தில் கைநாட்டு வைத்த குடும்பத்துக்குத்தான் லொறியும் கட்டிலும். காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், துரை இங்கிலீஷில் சொல்ல, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா தமிழில் சொன்னார். லாபம் வந்த வருடங்களில் எங்களைப் பங்குக்குக் கூப்பிட்டார்களா? நட்டத்துக்கு மட்டும் கூப்பிடுகிறார்கள்.

மார்ச் 5

படிவத்தைப் பார்த்தேன். தகப்பன் பிறந்த ஊர், இலங்கைக்கு வந்த வருடம் - காய்ச்சலுக்கு மருந்து கொடுக்க இதெல்லாம் எதற்கு? பிரஜாவுரிமை மனுக்கள் கிடப்பில் கிடக்கின்றன. இந்தியாவுக்கு ஏற்றி அனுப்பப் பட்டியல் எடுக்கிறார்கள். வேறென்ன?

லயத்து வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் சொல்லிவிட்டேன். மனு எழுதித் தருகிற வாத்தியார் நான்; என் பேச்சைத் தட்டமாட்டார்கள். ஒருவரும் கைநாட்டு வைக்கவில்லை.

மார்ச் 9

அந்தோனியம்மா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மனைவிதான், ஆனால் தோட்டத்து மருத்துவச்சி. சம்பளம் கொடுப்பது நிர்வாகம். "ஆண்டியப்பன் பொஞ்சாதி பூரணிக்கு மாசம் நெருங்கிருச்சு. புள்ள குறுக்க கெடக்குங்க. பயமா இருக்கு" என்றாள். யார் சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாள்?

மார்ச் 17

மழை. படிவங்களை வாங்கி வைக்கிற ஆபீஸ் கிளாக்கர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏன்?

மார்ச் 22

விடியற்காலையில் பூரணிக்கு வலி கண்டது. அந்தோனியம்மாவால் முடியவில்லை. ஆஸ்பத்திரி லொறி வந்தது. டிரைவர் பட்டியலைப் பார்த்து, "பேரு இல்லீங்களே" என்றான். எங்கள் லயத்துப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குடும்பம்தான் அதில் இருந்தது. இக்னேசியஸ் - என் பெயர்! கீழே அந்தோனியம்மாவின் கையெழுத்து. எனக்குத் தெரியாமல்.

கத்த வாயெடுத்தேன். "அப்புறமா திட்டுங்க. இவதான் அந்தோனியம்மான்னு சொல்லி ஏத்துங்க" என்றாள். டிரைவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். கூடப் புருஷன் ஒருவர்தான் வரலாம். ஆண்டியப்பனை மழையில் நிறுத்திவிட்டு நான் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் புருஷன் பேர் கேட்டார்கள். என் பெயரைச் சொன்னேன்.

ஆண் குழந்தை. இரண்டு உயிரும் தப்பின. மாதாவே!

ஏப்ரல் 4

லயம் முழுக்கக் கைநாட்டு வைத்தாகிவிட்டது. என்னை ஒருவரும் கேட்கவில்லை. தகப்பன் பிறந்த ஊர் எதற்கு என்று இன்றுவரை எனக்கும் யாரும் பதில் சொல்லவில்லை. சந்தேகம் போகவில்லை. வெட்கமும் போகவில்லை.

ஏப்ரல் 19

ஆஸ்பத்திரியில் கொடுத்த துண்டுச் சீட்டை வைத்துப் பூரணி பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எழுதிவிட்டார்கள். தாய் அந்தோனியம்மா, தகப்பன் இக்னேசியஸ்.

ஆண்டியப்பனைப் பிரஜாவுரிமை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிள்ளைகளின் பத்திரம் வேண்டுமாம். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தார்.

"இது எம் புள்ளதான்னு எழுதிக் குடுங்க வாத்தியாரையா."

நடந்ததை நடந்தபடி எழுதினேன். ஒருமுறை படித்துப் பார்த்தேன். விசாரிக்கிற அதிகாரி நானாக இருந்தால் ஒரு வார்த்தையும் நம்பமாட்டேன்.