மைதானத்தில் அண்ணன் கிடையாது

அன்பு மகள் சோராவுக்கு,

இஞ்சியோனிலிருந்து அம்மா எழுதுவது. எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. போலந்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிர்காலக் கிம்ச்சியை இந்த வருஷம் நான் ஒருத்தியாகவே போட்டேன், இடுப்பு விட்டுப்போயிற்று. முட்டைக்கோஸ் கழுவித் தருகிறேன் என்ற மனுஷர் கம்பெனி இயக்குநரோடு மல்லுக்கட்டப் போயிருந்தார். போனில் உன்னிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார். நன்றாக இல்லை சோரா. உன் அப்பாவுக்குக் கோச் வேலை போய்விட்டது.

அந்த வேலைக்கு அவர் வந்த பாடு உனக்குத் தெரியும். பத்து வருஷம் நாட்டுக்காக ரக்பி ஆடிக் காது இரண்டும் கொழுக்கட்டையாகி, பிறகு கார் இன்சூரன்ஸ் விற்கப் போய், யாரிடமும் கெஞ்சத் தெரியாமல் திரும்பி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைந்து, ஐம்பது தாண்டி இந்தக் கேபிள் கம்பெனி அணிக்குக் கோச் ஆனார். வந்த முதல் நாளே சட்டம் போட்டார். மைதானத்துக்குள்ள பேரு மட்டும்தான், அண்ணே, மேனேஜர், வாங்க போங்க எல்லாத்தையும் கோட்டுக்கு வெளியில விட்டுட்டு வாங்கடா என்றார். எல்லாம் அந்த ஹாங்காங் ஆட்டத்தால்தான். எதிராளி ஓடிவருவதை இவர்தான் முதலில் பார்த்தார். ஆனால் அணித்தலைவர் நாலு வயது மூத்தவர். அண்ணே, இடது பக்கம் கொஞ்சம் பாருங்க என்று மரியாதையாகச் சொல்லி முடிப்பதற்குள் எதிராளி கோட்டைத் தாண்டிவிட்டான். அந்தத் தோல்வியை இன்றுவரை சோற்றோடு சேர்த்து மென்றுகொண்டிருக்கிறார்.

சட்டம் நன்றாகத்தான் நடந்தது, அணியும் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தது. போன மாதம் கம்பெனி விருந்தில் வந்தது வினை. யோம் கிசோல் என்ற மேனேஜர், நாற்பது வயது தாண்டியவர், மைதானத்தில் முன்வரிசையில் முட்டுக்கொடுக்கிற ஆள், இயக்குநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இயக்குநரின் முழங்கை பட்டு சோஜு பாட்டில் உருள, எதிரே இருந்த சொக்பின், இந்த வசந்தத்தில்தான் வேலைக்குச் சேர்ந்த பொடியன், பழக்கதோஷத்தில், கிசோல், வலது பக்கம், பிடிடா என்று கத்திவிட்டான். அவரும் பழக்கதோஷத்தில் லபக்கென்று பிடித்துவிட்டார். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆனால் இது கம்பெனியா, குரங்குக் கூட்டமா என்று கேட்டுவிட்டு எழுந்து போனாராம் இயக்குநர்.

மறுநாள் உன் அப்பாவைக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பழைய மரியாதையைக் கொண்டுவா, இல்லாவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்றார். இவர், மேஜையில நடந்ததுக்கு மன்னிப்புக் கேக்கறேன், மைதானத்துக்குக் கேக்கமாட்டேன் என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். குனிந்து ஒரு கும்பிடு போட்டால் கிரீடமா விழுந்துவிடும்? சனிக்கிழமை ஆட்டத்துக்கு நானும் போனேன். இயக்குநர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை அவர் முகத்தில் விழிக்க வேண்டிய பிள்ளைகள்தானே எல்லாரும், வாயெல்லாம் மரியாதை வந்துவிட்டது. கடைசி நிமிஷம், ரெண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறோம், பந்து யோமின் கையில், இடப்பக்கம் வெட்டவெளி. சொக்பின் பார்த்துவிட்டான். யோம் மேனேஜர் அவர்களே, இந்தப் பக்கம் கொஞ்சம் குடுக்கிறீங்களா என்று அவன் முடிப்பதற்குள் யோமை நாலு பேர் மண்ணோடு அமுக்கிவிட்டார்கள். ஆட்டம் போயிற்று. இயக்குநர் எழுந்து கைதட்டி, தோத்தாலும் மரியாதையா தோத்தீங்க என்றார் பார், உன் அப்பா நேரே அவரிடம் போய், மேஜைக்குக் கேட்ட மன்னிப்பையும் வாபஸ் வாங்கிக்கறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். முப்பது வருஷமாக இந்த வாயோடு குடும்பம் நடத்துகிறேன், எனக்குத்தான் கோப்பை கொடுக்க வேண்டும்.

நேற்று யோம் ஒரு பெட்டி பேரிக்காயோடு வந்தார். இந்த ஆளையும் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் நின்றிருந்தேன். அவர் தரையில் நெற்றி படக் கும்பிட்டு, நீங்க இனிமே எங்க கோச் இல்லையே, இப்பவாவது அண்ணேன்னு கூப்பிடலாமா என்று கேட்டார். உன் அப்பா பேரிக்காய்ப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டுத் தொலை என்று சொல்லிவிட்டுப் பழம் நறுக்கப்போகிறேன் என்று சமையலறைக்குள் போனவர், வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். கத்தி என்னவோ என் கையில்தான் இருந்தது. இந்த அண்ணனுக்கு மாதச் சம்பளம் யார் கொடுப்பார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. பேரிக்காயை நானே நறுக்கினேன்.

கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நிறைவாக இருக்க வேண்டும். ஞாயிறன்று அப்பாவுக்குப் போன் செய், வேலையைப் பற்றி மட்டும் கேட்காதே. எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார். நம்பாதே, ஆனால் நம்புகிற மாதிரி பேசு.

உன் அம்மா,
போங்ரே