படிக்கட்டுச் சுவரின் நுரைத் தகடும் காலையில் இட்ட கையெழுத்தும்

அனுப்புநர்
மூத்த சோதனையாளர்,
தீப்பரிசோதனைக் கூடம், இரண்டாம் தளம்.

பெறுநர்
தலைமை அலுவலர்,
கட்டடத் தீப்பாதுகாப்புத் துறை.

பொருள்: ஆறு மாடிக் குடியிருப்பின் படிக்கட்டுச் சுவருக்கு என் ஒப்பத்துடன் தரப்பட்ட பொய்ச் சான்றை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இன்று காலை பல் துலக்குவதற்கு முன்பே, சமையலறைத் தொட்டியில் உள்ளங்கை அளவு நுரைத் தகடு ஒன்றை நிமிர்த்தி நிறுத்தி, அதன் அடியில் தீ வைத்தேன். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், கையில் கடிகாரம். சுடர் உச்சியைத் தொட மூன்று விநாடி ஆயிற்று. அந்தத் துண்டு, என் தங்கை குடியிருக்கும் கட்டடத்தின் படிக்கட்டுச் சுவரில், மீட்டர் பெட்டிக்குப் பின்புறமிருந்து நேற்று மாலை நான் அறுத்தெடுத்தது. அனுமதி கேட்காமல் அறுத்தது தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

2. அதே தகடு தானாகவே அணைந்துவிடும் தன்மையது என்று அக்கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில் கண்ணாடி போட்ட சான்று தொங்குகிறது. போன ஞாயிறுதான் அதைப் பார்த்தேன். அதன் கடைசித் தாளில் உள்ள கையெழுத்து என்னுடையது. போலி அல்ல, நானே இட்டது.

3. இது எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் கூடத்தில் விண்கலங்களுக்கும் கட்டடங்களுக்கும் வேண்டிய பொருள்களை எரித்துப் பார்க்கிறோம். விண்கலத்துக்கானதைப் பெட்டிக்குள் வைத்து, கோபுரத்தின் உச்சியிலிருந்து விழவிடுவோம். விழும் ஐந்து விநாடியும் உள்ளே எடை இராது. சூடான காற்று மேலே ஏறாது. சுடர் சிறு உருண்டையாகச் சுருங்கும். பெட்டிக்குள் காற்றைச் சுழற்றும் விசிறியும் நின்றுவிட்டால், பல பொருள்களில் தன் புகைக்குள்ளேயே மூச்சுமுட்டி அணையும். இந்தத் தகடும் அப்படித்தான் அணைந்தது. அதை உள்ளபடி எழுதினேன்.

4. மறு வாரம், கட்டடத்துக்காக, அதே தகட்டை ஆள் உயரத்துக்கு நிமிர்த்தி எரித்தோம். இருபது விநாடிகூட ஆகவில்லை, சுடர் உச்சியைத் தாண்டிவிட்டது. கூரையில் கரி படிந்தது. தேறவில்லை என்று எழுதினேன். எரிந்த மிச்சம், தேதியும் இருவர் ஒப்பமும் ஒட்டிய தகர டப்பாவில், எங்கள் அலமாரியின் மூன்றாம் தட்டில் இன்றும் இருக்கிறது.

5. இருவர் என்றேன். ஒருவர் தீ வைக்க, மற்றவர் நேரம் பார்ப்பது எங்கள் முறை. எரித்து முடித்தால் கையெல்லாம் கரியாகிவிடும். கரி பட்ட தாளை அலுவலகத்தில் திருப்பி அனுப்புவார்கள். ஆகவே காலையில், கை சுத்தமாக இருக்கும்போதே, வெற்றுக் கடைசித் தாளில் ஒப்பமிட்டு வைத்துவிடுவோம். பன்னிரண்டு ஆண்டு வழக்கம். என் தாள் அப்படியே இருக்க, முன் பக்கங்கள் மட்டும் மாறியிருக்கின்றன. நிமிர்த்தி எரித்த சோதனையின் பக்கங்களை எடுத்துவிட்டு, கோபுரத்தில் அணைந்ததன் பக்கங்களை வைத்திருக்கிறார்கள்.

6. மாற்றியவர் என்னோடு நேரம் பார்த்தவர். 'விநாடி' என்பது கூடத்தில் அவருக்குப் பெயர். டீ ஆறுவதைக்கூட எண்ணிச் சொல்வார். என்னை அக்கா என்று அழைப்பவர். என் கை வெந்தபோது, நான் சொல்லச் சொல்லப் பத்து நாள் என் குறிப்புகளை எழுதிக் கொடுத்தவர். இப்போது பிரிவுத் தலைவர். கேட்டேன். மறுக்கவில்லை. "ரெண்டையும் நாமதானே எரிச்சோம் அக்கா? அதே தகடு, அதே தீ. அங்க அணைஞ்சுதுல்ல?" என்றார். பூமியில் சுடர் ஏன் மேலே ஏறுகிறது என்று, கூடத்தைப் பார்க்க வரும் மாணவர்களுக்கு மாதம் தவறாமல் விளக்குபவரும் அவரே. தெரியாமல் செய்தவராக இருந்தால் நான் இத்தனை நாள் தூக்கம் கெட்டிருக்க மாட்டேன்.

7. அக்கட்டடத்தில் நாற்பது குடும்பங்கள், படிக்கட்டு ஒன்றே. என் தங்கை ஐந்தாம் மாடியில் இருக்கிறாள். இடது காலில் இரும்புப் பட்டை அணிந்து நடப்பவள். போன ஞாயிறு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நீ கையெழுத்துப் போட்ட கட்டடம்னுதான் வந்தேன். இல்லன்னா இந்தக் காலை வச்சுக்கிட்டு எவ அஞ்சு மாடி ஏறுவா?" நான் காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

8. எனவே அச்சான்றை உடனே ரத்து செய்து, படிக்கட்டிலுள்ள தகடு முழுவதையும் இந்த வாரமே பெயர்த்தெடுக்க ஆணையிடவும், அதுவரை ஒவ்வொரு மாடியிலும் காவலுக்கு ஆள் நிறுத்தவும், மேற்சொன்ன டப்பாவைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளவும் வேண்டுகிறேன்.

9. இன்னொன்றும் உண்டு. முன்கூட்டி நான் ஒப்பமிட்ட அறிக்கைகள் இருநூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் எது மாறியது, எது மாறவில்லை என்று என்னால் சொல்ல இயலாது. அனைத்தையும் செல்லாதவையாக அறிவித்து, மறுபடி எரித்துப் பார்க்கக் கோருகிறேன். மனிதர் பயணம் செய்யவிருக்கும் விண்கல அறையின் அறிக்கையும் அதில் அடங்கும். என் வாழ்நாளில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வேலை அது ஒன்றே. என் சோதனையாளர் உரிமச் சீட்டை இத்துடன் இணைத்துள்ளேன். இம்முடிவு விநாடிக்குத் தெரியாது. என் கணவருக்கும் தங்கைக்கும் தெரியாது.

10. இம்மனுவை எழுதி முடித்து, முதலிலிருந்து ஒருமுறை படித்த பிறகே கீழே ஒப்பமிடுகிறேன். தாளில் கரி பட்டிருப்பதைப் பொறுத்தருள வேண்டும். திருப்பி அனுப்பிவிட வேண்டாம்.

இடம்: என் வீட்டுச் சமையலறை
நாள்: மார்ச் 18

இப்படிக்கு,
(ஒப்பம்)
மூத்த சோதனையாளர்

இணைப்பு: உரிமச் சீட்டு, எரிந்த துண்டு ஒன்று.