ஈரச் சேலையும் ஏரியல் கம்பியும்

என் அன்பு அண்ணா,

இல்லை, பழுது ரேடியோ செட்டில் இல்லை. நீ சுற்றிய சுருள்கள், நீ பற்றவைத்த இணைப்புகள், எல்லாம் சரியாகவே இருந்தன. ஜப்பானியர் கொடி இறங்கிவிட்டது. இனி உனக்கு எழுதலாம்.

அந்த வெள்ளிக்கிழமை, ஜப்பானியரை எதிர்த்து ஒளிந்திருந்த மலைப்பக்கத்து நண்பர்கள் "திருப்பி அனுப்பு" என்று கேட்டார்கள். அனுப்பினாய். மறுபடியும் கேட்டார்கள். வெறும் சங்கேத எண்கள்தாம், ஓர் இலக்கம் பிசகினாலும் கப்பல் வேறு, துறை வேறு. அதனால் திருப்பிக்கொண்டே இருந்தாய். அலை எங்கிருந்து வருகிறது என்று தேடும் வண்டி நம் தெருவுக்கு வந்துவிட்டது. செட்டை ஒளித்துவிட்டுப் பின்சந்தில் ஓடினாய். எங்கோ தள்ளி உன்னைச் சுட்டுக் கொன்றார்கள். உன் சட்டைப்பையில் பெயர் எழுதிய எதுவும் இல்லை. அதனால் நாங்கள் பிழைத்தோம். உன் உடலை எங்களவன் என்று சொல்லி வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை.

உன் நண்பர் காதர் அண்ணே அம்மாவையும் என்னையும் சூலியா தெருவில் தன் கடை மாடிக்குக் கொண்டுவந்தார். செட்டும் வந்தது. ஏரியல் கம்பியை, யாரும் சந்தேகிக்காதபடி, நீ கட்டியதுபோலவே துணிக்கொடியாகக் கட்டினேன்.

மற்ற நாட்களில் நான் தட்டிய எண்கள் சுத்தமாகப் போயின. வெள்ளிக்கிழமைகளில் தந்திக் குறியின் புள்ளியெல்லாம் இழுபட்டுக் கோடானது.

"பவர ஏத்துலா தங்கச்சி! இன்னொரு கெரேத்தா பேட்டரி கொண்டாந்து தாரேன்," என்று கார் பேட்டரிக்குக் கிளம்பினார் காதர் அண்ணே. நீயும் அதைத்தானே செய்தாய்?

கம்பி செட்டோடு சேரும் இடத்தில் ஒரு டார்ச் பல்பைக் கோத்தேன். அலை நன்றாக ஏறினால் அது பளிச்சென்று எரியும். அன்று மங்கிக் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கொடி முழுக்க அம்மாவின் ஈரச் சேலைகள்.

கல்லூரியில் இதையெல்லாம் படித்தவள் நான். சிரித்தேன். பிறகு, நீ ஓடியதும் ஒரு வெள்ளிக்கிழமை என்பது நினைவுக்கு வந்தது; சிரிக்க முடியவில்லை.

காய்ந்த கொடிக்குச் சரிசெய்த செட், ஈரக் கொடியில் தடுமாறியது. சக்தியைக் கூட்டக் கூட்ட ஒலி நடுங்கியது.

"அம்மா, இண்டைக்குத் துணி போடாதேங்கோ."

"வெள்ளிக்கிழமை தோய்ஞ்சுபோட்டு ஈரச் சீலையை வாளிக்குள்ளயோ வைக்கிறது? வெறுங்கொடியைப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரி என்ன நினைப்பாள்?"

அம்மா சொன்னதுதான் சரி. வெறுங்கொடி சந்தேகம். அப்படியானால் மாற வேண்டியது செட். சேலைகள் தொங்கும்போதே சுருளை நகர்த்தினேன். பல்பு மெல்ல விழித்தது. சக்தியைப் பாதியாகக் குறைத்தேன்.

"கொறைச்சா மலைக்கு எப்படிமா கேக்கும்?" என்றார் காதர் அண்ணே.

"கத்தினா கேக்காதுண்ணே. தெளிவா சொன்னாத்தான் கேக்கும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அதே சேலைகள், அதே வரிசையில், சொட்டச் சொட்ட. காய்வதற்குள் அனுப்பிவிட வேண்டும்.

"அந்தப் பச்சைச் சீலை கிழிஞ்சுபோச்சடி."

"பரவாயில்லை, அதே இடத்தில போடுங்கோ."

"படிப்பிச்சது இதுக்குத்தான்! ஈரச் சீலைக்கு இடம் பார்க்கிறாள்," என்றாள் அம்மா. ஆனால் விரல்களால் அளந்து, அதே இடத்தில்தான் போட்டாள்.

அப்படி அனுப்பிய முதல் வெள்ளி. எண்களை ஒருமுறை மட்டும் தட்டினேன். காத்திருந்தேன். வந்தது:

முழுதும் கிடைத்தது. திருப்ப வேண்டாம்.

அண்ணா, கேட்டாயா? திருப்ப வேண்டாம்! காதர் அண்ணே துண்டை வீசிவிட்டு ஆடினார். அம்மா ஆடவில்லை. கொடிக்குக் கீழே நின்று, சொட்டுகிற நீர் முகத்தில் விழ விட்டாள். அதன் பிறகுதான் தேடும் வண்டி கீழே தெருவில் போனது. நாங்கள் அப்போது மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தோம். கடைசிவரை, ஒரு வெள்ளிகூட அவர்கள் திருப்பிக் கேட்கவில்லை.

நீ அன்று பயந்தாயா? கேட்க யாருமில்லை.

வாக்குத் தருகிறேன். என்னிடம் செட் பழகுகிற எவரும் சக்தியைக் கூட்டும் முன் கொடியை நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒரே தடவையில் சொல்லி முடித்து, உயிரோடு எழுந்து போவார்கள்.

உன் கூடப்பிறந்தவள்,
தங்கச்சி

இதை மடித்து வைத்தேன். பிறகு சன்னல்களைத் திறந்து, இனி ஒளிக்க வேண்டியிராத செட்டைக் கூடத்து மேசைமேல் வைத்தேன்.